உப்புக்காற்றில் ஒரு வாடகை வீடு

வாடகைக்கு விட வீடு தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். ராமநாதபுரம் கரையோரத்தில் அதற்கு முன்னால் தண்ணீரையும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் பாருங்கள். இந்த இரண்டும் கெட்ட வீடு எவ்வளவு வாடகை தந்தாலும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிடும். வேலைக்கும் போய், பிள்ளைகளோடும் இருந்து, ஒரு வீட்டையும் வாடகைக்கு விட்டு வைத்திருக்க முடியுமா என்பது பெரும்பாலும் வாங்குகிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் ஒரு மாதிரிக் கணக்கு. வீடு 30 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 2.70 லட்சம் சேரும். வாடகை மாதம் 10,000 என்றால் ஆண்டுக்கு 1,20,000. ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று 10,000 கழியுங்கள். பராமரிப்புக்குக் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் ஒரு மாத வாடகை போதும். கடலோரத்தில் இரண்டு மாத வாடகை ஒதுக்க வேண்டும், அது 20,000. வரி, சில்லறைச் செலவு 4,000. மிஞ்சுவது 86,000, போட்ட பணத்தில் 2.6 சதவீதம். 20 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் தவணை 17,356 ரூபாய். ஆக, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்துதான் போகும். இந்தத் தொகை போனாலும் வீட்டுச் செலவு நெருக்காது என்றால் மட்டும் இறங்குங்கள். ஆறு மாதத் தவணைப் பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். அது இல்லாதவருக்கு ஒரு மாதம் ஆள் காலி செய்தாலே தூக்கம் போய்விடும்.

தண்ணீர்

மணற்பாங்கான கரையில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக நிற்கிறது. ஆழம் குறைந்த கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்க, அதே மனையில் ஆழமாகப் போட்ட போர்வெல்லில் உப்பு வருவது இதனால்தான். பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும், மறுபடி இறங்க நாளாகும். ஆகவே வீட்டை மே மாதத்தில் பாருங்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் எந்தக் கிணறும் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் குழாயும் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சீக்கிரம் கெடும், குடியிருப்பவர் உங்களைத்தான் கூப்பிடுவார். காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். நான்கு பேருக்கு நாளைக்கு 400 லிட்டர் வைத்தால், ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில் 2,000 லிட்டர் வேண்டும். 3,000 லிட்டர் தொட்டி இருந்தால் நிம்மதி.

கம்பி

காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டினால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; உள்ளிருந்து தள்ளிக் காரையைப் பெயர்த்துவிடும். பார்க்க வேண்டிய இடங்கள்: சன்ஷேடின் அடிப்பக்கம், மேல்நிலைத் தொட்டிக்குக் கீழுள்ள கூரை, குளியலறைக் கூரை, மாடிப்படியின் அடி. கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. சுத்தியல் காம்பால் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், பிரிந்துபோனது பொத்தென்று கேட்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் இந்தத் தட்டலைத் தவிர்க்கவே கூடாது.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட்டைப் பூசி மூடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருப்பதால், ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில் துரு முன்னைவிட வேகமாகக் கிளம்பும். துரு இல்லாத கம்பி தெரியும்வரை கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கடலோரத்துக்கு எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடாக்கு. கலவைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் இந்த அக்கறை அத்தனையும் வீண்.

பத்திரம்

30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம் நான்கையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ராமேஸ்வரம், ஏர்வாடி போன்ற ஊர்களில் மனை கோயில் நிலமா, வக்ஃபு நிலமா என்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கடல் ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடியை நம்பி விலை பேசாதீர்கள்.

யாருக்கு விடுவது

ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் வரும்தான். ஆனால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் விடியற்காலை மூன்று மணிக்குச் சாவி கொடுக்க ஆள் வேண்டும், தினமும் விரிப்புத் துவைக்க வேண்டும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அது முழுநேரத் தொழில். வேறு வேலையில் இருப்பவருக்கு மாத வாடகைதான் சரி. ஆசிரியர்கள், மண்டபம், உச்சிப்புளி பக்கம் பணிக்கு வரும் அரசு ஊழியர்கள், ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக்கு வருபவர்கள் என்று ஆள் கிடைப்பார்கள்.

விசைப்படகுத் தொழிலாளி குடும்பம் கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் போதும். பத்து மாதம் 11,000, தடைக்காலத்தில் இரண்டு மாதம் 5,000 என்று வைத்தால் ஆண்டுக்கு அதே 1,20,000 வந்துவிடும். மே மாதம் வாசலில் நின்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அந்தப் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். ஒத்திக்கு விடுகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்: மொத்தப் பணத்தைச் செலவழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாமல் வீட்டையே விற்கிற நிலை அப்படித்தான் வருகிறது.

மாதத்துக்கு இரண்டு மணி நேரம்

வாடகை 5ஆம் தேதிக்குள் யு.பி.ஐ.யில் வரட்டும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் மூவரின் எண்ணையும் குடியிருப்பவரிடமே கொடுத்து, 1,000 ரூபாய் வரையிலான வேலையை அவரே பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிவிடுங்கள். தண்ணீர், மின்சாரம், கூரை ஒழுகல் தவிர மற்றதற்கெல்லாம் மாலை ஆறு முதல் ஏழு வரை பேசினால் போதும். வளைகுடா நாடுகளில் வேலையில் இருக்கும் கீழக்கரைக்காரர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரருக்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். சும்மா பார்க்கச் சொன்னால் உறவும் கெடும், வீடும் கெடும்.

நேரில் போக வேண்டியது ஆண்டுக்கு இரண்டு முறை. செப்டம்பரில், வாடைக்காற்று மழையைக் கொண்டுவருமுன், மொட்டைமாடி வடிகுழாயின் சருகை எடுத்து, தட்டோட்டு இணைப்பு விரிசல்களை அடையுங்கள். ஜனவரியில் மழை ஓய்ந்ததும் அதே சன்ஷேடுகளைத் தட்டிப் பார்த்து, சென்ற ஆண்டு எடுத்த போட்டோவோடு விரிசலின் நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்தக் கோடையிலேயே கொத்தனாரை வரச் சொல்லுங்கள்.