குயீன் கேட்கப் போகிறீர்களா? முதலில் பியானோ

பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனைக் கேட்க உட்காரும்போது அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரலைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கஷ்டம்தான். ஆனால் அவர் இசைக்குள் எந்த வழியாக வந்தார் என்று பிடிக்க, அவருடைய விரல்களைத்தான் கவனிக்க வேண்டும்.

1946-இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்சகனி விடுதிப் பள்ளிக்கு வந்தவர். பியானோ படித்ததும் சிறுவயதில்தான். அங்கே பையன்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஹெக்டிக்ஸ்’ குழுவில் முன்னால் நின்று பாடியது வேறொருவன். இவருக்குப் பியானோ!

‘பொஹீமியன் ராப்சடி’யில் (1975) தொடங்குங்கள். ஹெட்போன் கட்டாயம், போன் ஸ்பீக்கரில் இடது கை வாசிப்பது காணாமலே போய்விடும். ஆரம்பக் கூட்டுக்குரல்கள் முடிந்து, சுமார் ஐம்பதாவது நொடியில் பியானோ முன்னுக்கு வந்து உருளும். அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை ஓட்டுங்கள். கீழே ஒரு கனமான ஸ்வரம், நடுவில் அலைபோல ஓட்டம், உச்சியில் மணி அடித்ததுபோல ஓரிரு ஸ்வரங்கள். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மேடை வீடியோவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: நடு ஓட்டத்தை வலது கை விடாமல் பார்த்துக்கொள்ள, இடது கை அதன்மேல் தாண்டிப் போய் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. பியானோ பாடத்தில் உட்கார்ந்த கை அது.

சரி, இதே பாட்டின் நடுவில் வரும் ஆபரா பகுதிக்கு ஒரு சுற்று. பெரிய கோரஸ் போலக் கேட்கும். பாடியது மூன்றே பேர். உச்சியில் கிறீச்சிடுவது டிரம்மர் ரோஜர் டெய்லர், அடியில் கிட்டாரிஸ்ட் பிரையன் மே, நடுவில் ஃப்ரெடி. டேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பதிந்து அடுக்கியது.

அடுத்து ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’. ராக் பாட்டுதான், ஆனால் நடுவில் கிட்டார் தனியாக வரும்வரை எல்லாப் பாரத்தையும் பியானோவே சுமக்கிறது. என்னைக் கேட்டால் குயீனின் மிகச் சிறந்த பியானோ பாட்டு இதுதான், ‘ராப்சடி’ ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’ (1979). இதை அவர் கிட்டாரில் எழுதினார், மியூனிக் ஹோட்டலில், சில நிமிடங்களில். கிட்டாரில் அவருக்குத் தெரிந்த கார்டுகள் (chords, சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டுகள்) கொஞ்சம்தான்; அதனாலேயே பாட்டு இப்படிச் சிக்கனமாக வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு முடித்த கையோடு ‘ராப்சடி’யின் ஐம்பதாவது நொடிக்குத் திரும்பிப் போங்கள்.