வெள்ளி பின்னேரம் பொரித்த மீனும் ஒரு கிளாஸ் சாராயமும்: திருகோணமலையில் தேடிப் பிடிக்கும் வழி

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்து கிடக்கும். செவ்வாயும் அப்படித்தான். மனுசி விடிய எழும்பிப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வந்து, பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துவிட்டால் அன்றைய சமையல் முடிந்தது. நானோ படகு எஞ்சின் திருத்துகிறவன். 25 குதிரை, 40 குதிரை எஞ்சின்களைக் கழற்றும்போது உப்பும் மீன் செதிலும் கையோடு வரும். கூலியில் பாதியைக் காசாகவும் மீதியை ஒரு கோர்வை மீனாகவும் தந்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு நாளும் மீனோடு கிடக்கிற எனக்கு, மீன் கூடாது என்கிற நாளில்தான் பொரித்த மீன் ஆசை வந்து தொலைக்கும். வீட்டில் வழியில்லை என்றால் வெளியேதானே? இருபது வருடமாக வெள்ளி பின்னேரம் நான் கடை கடையாகத் திரிந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதற்கு ஒரு பெயர் இருப்பதே மில்வாக்கியில் இருக்கிற மச்சான் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தில் வெள்ளி இரவு என்றால் 'ஃபிஷ் ஃப்ரை'யாம். அங்கே குடியேறிய ஜெர்மன், போலந்துக் கத்தோலிக்கர்கள் வெள்ளியில் இறைச்சி தொட மாட்டார்கள். பக்கத்தில் மிச்சிகன் ஏரி, மீன் மலிவு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது தவறணைக்காரர்கள் பிழைப்புக்காக மீன் பொரித்துப் போட்டார்கள். பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பியர் கலந்த மாவில் தோய்த்த மீன், கோவா சாலட், ரை பாண், உருளைக்கிழங்கு, கூடவே பிராண்டியில் செய்த 'ஓல்ட் ஃபேஷன்ட்' என்கிற கலவைக் குடிவகை. "இங்கே எங்கே மச்சான் நல்ல ஃபிஷ் ஃப்ரை?" என்று அவன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே வெள்ளி என்பதால் மீன், இங்கே வெள்ளி என்பதால் மீன் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவே நமக்கு வசதி. சைவம் காக்கிற வீடுகள் வாங்காததால் வெள்ளியில் மீன் சந்தையில் நெரிசல் குறைவு, நல்ல மீன் பின்னேரம் வரைக்கும் மிஞ்சும்.

புறப்படுவதற்கு முன் கலண்டரைப் பாருங்கள். போயா நாள், அதாவது பௌர்ணமி, வெள்ளியில் விழுந்தால் நாடு முழுக்க மதுபானம் விற்க மாட்டார்கள். ஜின்ஜர் பியரை மட்டும் குடித்துவிட்டு வர வேண்டியதுதான். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் நகருக்குள் இந்த எண்ணத்தோடு திரியாமல் இருப்பது மரியாதை. அப்புறம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கக் கடல் படிந்து கிடக்கும், சுற்றுலாக்காரரும் அப்போதுதான் வருவார்கள். வாடை தொடங்கிவிட்டால், கார்த்திகை மார்கழியில், படகுகள் நாட்கணக்கில் கரையில் கிடக்கும், என் கடையில் எஞ்சின்கள் குவியும். அந்த நேரத்தில் ஒரு கடை பத்து வகை மீன் இருக்கிறது என்று சொன்னால் அது குளிர்ப்பெட்டி மீன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

கடையைக் கண்டுபிடிக்க நான் கடைக்காரரைக் கேட்பதே இல்லை, மீன் கொடுக்கிறவரைக் கேட்பேன். திருக்கடலூர்க் கரையில் காலையில் படகு வந்து இறங்கும்போதோ, உப்புவெளி, சல்லிப் பக்கம் கரைவலை இழுத்து முடியும்போதோ நின்று, "இன்றைக்கு எந்தக் கடைக்காரர் வந்து எடுத்தார்?" என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு போகிற வியாபாரிக்கு இது மனப்பாடம். எந்தச் சமையல்காரர் பெரிய பாரையைத் தூக்கிப் பார்த்து வாங்கினார், எவர் மிச்சம் மீதியைக் குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனார், இரண்டும் அவருக்குத் தெரியும். இணையத்தில் நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு இந்தச் சங்கதி எட்டாது.

கடைக்குப் போய் உட்கார்ந்ததும் மெனுவைத் திறக்காதீர்கள். "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். பரிமாறுகிற தம்பி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்துக் கேட்டால் நல்ல சகுனம். யோசிக்காமல் "எல்லாம் இருக்கு அண்ணா" என்றால் ஒரு பிளேன்டீயோடு எழும்பிவிடலாம். மீனைக் காட்டச் சொல்லவும் வெட்கப்பட வேண்டாம், நம் ஊரில் இது யாருக்கும் குறையில்லை. கண் பிதுங்கி, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக்கூடாது.

இவ்வளவும் எல்லோரும் சொல்வதுதான். இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது டைனமைட் மீன். சட்டப்படி தடை, ஆனாலும் எங்கள் கடலில் வெடி போடுகிறவர்கள் ஒழியவில்லை. வெடியில் செத்த மீன் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வெட்டினால் நடுமுள் நொறுங்கி, முள்ளை ஒட்டிய சதையில் இரத்தம் கட்டியிருக்கும். சதை சீக்கிரம் குழைந்துவிடும். பொரித்துத் தட்டில் வந்த பிறகும் கண்டுபிடிக்கலாம். முழுமீனின் நடுமுள்ளை வாலிலிருந்து இழுத்தால் நல்ல மீனில் ஒரே சீப்பாக வரும், இதில் துண்டு துண்டாக வரும். வெடி ஒன்று போனால் பவளப்பாறையும் குஞ்சும் சேர்த்துப் போகும். அதனால் அப்படி ஒரு தட்டைக் கண்டால் அந்தக் கடைக்கு நான் திரும்பப் போவதில்லை.

இரண்டாவது சூரை. சூரை, கும்பளா மாதிரி மீன்கள் பிடித்ததும் ஐஸில் போகாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்கிற, உடம்பைத் தடிக்கவைக்கிற பொருள் சேர்ந்துவிடும். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது. ஒருமுறை நகருக்குள் ஒரு கடையில் சூரைப் பொரியல் வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்குச் சுணைத்தது. மசாலா தூக்கல் என்று நினைத்து முழுவதையும் தின்றேன். அரை மணிக்குள் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, மனுசி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை! அவள் அதைத்தான் இன்று வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். நாக்குச் சுணைத்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, எந்த மீனை எப்படிப் பொரிக்கச் சொல்வது? எனக்கு முதலிடம் ஓரா. கையகல ஓராவை முழுதாக, இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப் புளி மட்டும் பூசிப் பொரித்தால் தோல் மொறுமொறுக்கும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். முள் குத்தும், அதனால் வெட்டும்போது கவனம் வேண்டும், அது சமையல்காரர் பாடு. சூடையும் கீரியும் தலையோடு கடித்துத் தின்ன. விளைமீன் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு. பாரையைத் தடித்த துண்டாக வெட்டுவார்கள், உள்ளே உப்புச் சேராது. விரல் மொத்தத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். அறக்குளாவை எல்லோரும் புகழ்வார்கள், விலையும் அதற்கேற்றபடி. என் கணக்கில் அது குழம்புக்கு நல்லது, எண்ணெயில் போட்டால் வரண்டுபோகும். இதைச் சொன்னால் என் கடை வாசலிலேயே சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

எண்ணெயைப் பார்ப்பதற்குக் குசினிக்குள் போக வேண்டியதில்லை. மூக்கு போதும். வாசலில் நிற்கும்போதே கசப்பாக மணந்தால் நேற்றைய எண்ணெய். தட்டில் வந்த மீன் கறுத்துப்போய், உள்ளே வெந்திருக்காமல் இருந்தாலும் அதே கதைதான். வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து தேசிக்காய் பிழிந்து தந்தால் வேறெதுவும் தேவையில்லை. 'டெவில்' போடவா என்று கேட்பார்கள். பைட்ஸ், அதாவது குடியோடு கொறிக்கிறது, என்கிற பெயரில் சீனியும் தக்காளி சோஸும் போட்டுப் பிரட்டினால் அடியில் எந்த மீன் என்று யாருக்கும் தெரியாது. சில இடங்களில் அதற்காகத்தான் அப்படிப் பிரட்டுகிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம். உப்புவெளியில் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' என்று போட்டிருந்தால் என்ன மீன் என்று கட்டாயம் கேளுங்கள். கடலை முன்னால் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் குளத்து மீனை உறையவைத்துப் பொரித்துத் தருகிற இடத்தில் மச்சான் ஏமாந்தான்.

இனிக் குடிவகை. இங்கேதான் திருகோணமலையில் ஒரு சிக்கல். நல்ல பொரித்த மீன் கிடைக்கிற கடைகளில் பாதி முஸ்லிம் கடைகள், அங்கே மது கிடையாது, கொண்டுபோய்க் குடிக்க நினைக்கவும் கூடாது. வெள்ளி மதியம் ஜும்மா நேரத்தில் பூட்டியும் இருப்பார்கள், பின்னேரம்தான் அடுப்பு மூளும். மது விற்கும் அனுமதி உள்ள இடங்கள் நகரிலிருந்து 5 கிலோமீற்றர் அளவில் உப்புவெளி, அலஸ் தோட்டத்துக் கடற்கரையிலும், அதற்கு மேலே நிலாவெளியிலும் கூடுதலாக இருக்கின்றன. ஆகவே இரண்டையும் ஒரே மேசையில் எதிர்பார்க்காதீர்கள். நான் முதலில் நகருக்குள் மீனைத் தின்றுவிட்டு, டச்சுக்குடாவில் கொஞ்சம் நடந்து, மான் ஒன்றிரண்டைத் தாண்டி, பிறகு ஆட்டோவில் உப்புவெளிக்குப் போவேன். வயிறு நிறைந்திருப்பதால் ஒன்றோடு நிற்கும், பைட்ஸுக்கும் காசு போகாது. மோட்டார் சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நிலாவெளி வீதியில் பொலிஸ் நிற்கும், மாடும் நிற்கும்.

கொக்டெயில் அட்டையில் நீலம் பச்சையாகப் படம் போட்டிருப்பதை எல்லாம் தாண்டிப் போங்கள், சீனிப்பாகும் சாயமும்தான். தென்னஞ்சாராயம் கேளுங்கள். போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். மலிவு வகைகளில் வேறு மதுசாரம் கலந்திருக்கும், கள்ளிலிருந்து வடித்த சாராயத்தின் மணம் அதில் வராது. இந்தச் சாராயத்தை ஊறவைக்கிற பீப்பாய்கள் சாவண்டலை மரத்தில் செய்தவை. சிங்களத்தில் ஹல்மில்ல. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் 'திருகோணமலை மரம்'. சென்னைக் கரையில் அலை தாண்டிய மசூலாப் படகுகளுக்கும் இந்த மரம் போனது. படகு எஞ்சின்காரனான எனக்கு இதைக் கேட்டதிலிருந்து சாராயத்தில் ஒரு தனிச் சொந்தம்.

சேர்மானம் எளிது. 50 மில்லிலீற்றர் சாராயம், அரைத் தேசிக்காய், மேலே ஜின்ஜர் பியர். சீனி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜின்ஜர் பியரில் இருக்கிற இனிப்பே மிச்சம். ஐஸ் நடுவில் துளை உள்ளதாக இருந்தால் தொழிற்சாலை ஐஸ். பெரிய கட்டியை உடைத்துப் போட்டால், அதே கட்டி மீன்பெட்டிக்கும் போயிருக்கலாம், ஐஸ் இல்லாமலே கேளுங்கள்.

மச்சான் தன் ஊர் 'ஓல்ட் ஃபேஷன்ட்' இல்லாமல் வெள்ளி முடியாது என்று அடம்பிடித்தான். பிராண்டிக்குப் பதில் சாராயம், அவர்கள் ஊர் ஓரேஞ்சுக்குப் பதில் நம் பச்சைத்தோல் தோடம்பழம் இரண்டு துண்டு, ஒரு தேக்கரண்டி சீனி, அதில் விடுகிற 'பிட்டர்ஸ்' என்கிற கசப்புத் துளிகள் கிடைக்காததால் ஒரு துண்டு கறுவா. கரண்டிக் காம்பால் நசித்து, சாராயம் ஊற்றி, சோடாவால் நிரப்பினான். செரிப் பழம் இல்லை என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டான். முதல் மிடறுக்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. கறுவாவை மட்டும் கூட்டிவிடாதீர்கள், ஆயுர்வேதக் கசாயம் ஆகிவிடும்.

மிஞ்சின மீனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், வெள்ளி இரவு அது குளிர்ப்பெட்டிக்குள்ளும் போக முடியாது. டச்சுக்குடாப் பூனைகளுக்குக் கொடுத்துவிடலாம். நான் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் படியேறுவேன். மனுசி மூக்கைச் சுளித்து, "ஓராவா, பாரையா?" என்று கேட்பாள். பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை.