பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால் வரும் தவறுகள்

டெங்கு கொழும்புப் பக்கத்து வருத்தம், மலையில் குளிருக்கு நுளம்பு வராது என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் போகவில்லை. கண்டியில் டெங்கு தாராளமாக இருக்கிறது. நுவரெலியா போன்ற உயரத்தில் குறைவுதான், ஆனால் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளை காய்ச்சலையும் கொண்டு வரலாம். அப்படி ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க முதல் கேள்வி.

பிளேட்லெட்டுக்கு இரத்தத்தை உறைய வைப்பது மட்டும்தான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கரு இல்லாத இந்தச் சின்ன உயிரணுத் துண்டுகள் என்பு மச்சையிலிருந்து வந்து 7 முதல் 10 நாள் வரை இரத்தத்தில் சுற்றுகின்றன. கிருமியை அடையாளம் காணும் உணரிகள் அவற்றின் மேலேயே இருக்கின்றன. கிருமியைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும், உள்ளே வைத்திருக்கும் கிருமிகொல்லிப் புரதங்களைக் கொட்டும், வெள்ளை அணுக்களையும் உசுப்பிவிடும். அந்தத் தூண்டுதலில் சில வெள்ளை அணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கின்றன. கடுமையான தொற்றில் இந்த வேலை எல்லை மீறி, நுண்குழாய்களில் இரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு. தொற்று வந்தால் எண்ணிக்கை இறங்குவதற்கு இப்படிச் செலவாவதும் ஒரு காரணம். டெங்குவில் மச்சையின் உற்பத்தியும் குறைந்துவிடுகிறது.

எலிச் சிறுநீர் கலந்த சேறு, தண்ணீர் வழியாகத் தொற்றும் எலிக்காய்ச்சலிலும் இதே எண்ணிக்கை இறங்கும். அதனால் "பிளேட்லெட் குறைவு, ஆகவே டெங்கு" என்று நாமே முடிவு கட்டக்கூடாது. மரக்கறித் தோட்டச் சேற்றிலோ கானிலோ இறங்கி வேலை செய்திருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை வாசிப்பதிலும் குழப்பம் வரும். சில லேப்கள் ஆயிரக்கணக்கில் அச்சிடும், அப்போது 85 என்றால் 85,000. சாதாரண அளவு 150,000 முதல் 450,000 வரை. பரிசோதனைக்கு எடுத்த இரத்தக் குப்பியில் பிளேட்லெட்டுகள் கட்டியாக ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்து எண்ணிவிடும். அதே தாளில் இருக்கும் எச்.சி.டி. (இரத்தத்தில் சிவப்பு அணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று டொக்டர் பார்ப்பது அதைவிட முக்கியம். அது ஏறினால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். இரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண் இறங்கியதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் கசிவு நிற்காது. எனவே வார்ட்டில் போய் "ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. பப்பாசி இலைச் சாறும் கசிவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஏற்கெனவே குமட்டுகிற வயிற்றை அது இன்னும் கெடுக்கலாம்.

எனக்கு அதிகப் பயம் தருவது காய்ச்சல் விட்ட நாள். வேலைக்குப் பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, அதனால் உடம்பு குளிர்ந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கசிவு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுவது, முரசில் இரத்தம், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மழை இரவில் தோட்டத்து ரோட்டில் வாகனம் கிடைப்பது பெரும்பாடு என்பதால், காய்ச்சலின் மூன்றாம் நாளே இரத்தப் பரிசோதனை செய்து, வாகனத்துக்கும் சொல்லி வையுங்கள்.

உடம்பு உளைச்சலுக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அஸ்பிரின் போடவே கூடாது. இருக்கிற பிளேட்லெட்டையும் அவை வேலை செய்ய விடாது, வயிற்றில் இரத்தம் கசியவும் வைக்கும். பரசிற்றமோல் போதும், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். இதய நோய்க்கு ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டொக்டரைக் கேட்க வேண்டும்.

அப்புறம் குடிப்பது. காய்ச்சல்காரருக்கு நம் வீட்டில் முதலில் நீட்டுவது சாயம் ஏறிய வெறும் தேத்தண்ணி. இந்த நாட்களில் அதைத் தவிருங்கள். கஞ்சி, இளநீர், ஜீவனி (பைக்கட்டில் வரும் உப்பு-சீனிக் கரைசல்), பால் கொடுங்கள். கருஞ்சிவப்பாக எதையாவது குடித்தவர் வாந்தி எடுத்தால், வந்தது சாயமா இரத்தமா என்று வார்ட்டில் பிரித்துச் சொல்வது கஷ்டம்.