சொரியாசிஸ் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் கேட்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு ஒரு வழிகாட்டி

சொரியாசிஸ், நாள்பட்ட எக்ஸிமா, வெண்புள்ளி. வீட்டில் யாருக்காவது இதில் ஒன்று இருந்தால் செலவு ஒரு தடவையோடு முடியாது. களிம்பு, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மதுரைக்குப் பஸ் செலவு என்று மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும். காப்பீடு இருக்கிறதே என்று கேட்கப் போனால், "தோல் வியாதிக்கெல்லாம் வராதுங்க" என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பித் திரும்பிவிடாதீர்கள். வருவதும் உண்டு, வராததும் உண்டு. எது எது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

முதல் படி: கையில் இருப்பது எந்தக் காப்பீடு?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பலர் மீனவர் விபத்துக் காப்பீட்டையே மருத்துவக் காப்பீடு என்று நினைக்கிறார்கள். அது உயிரிழப்புக்கும் ஊனத்துக்குமானது, நோய்க்கு உதவாது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். உங்கள் நோய் அதில் வருமா என்று 1800 425 3993-இல் முன்கூட்டியே கேளுங்கள்.

இறால், மீன் கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை விடவே விடாதீர்கள். நாள்பட்ட தோல் நோய்க்கு இதைவிட நல்ல காப்பீடு இல்லை என்பேன். அட்மிட் ஆகாமலே ஓபி சிகிச்சையும் மருந்தும் கிடைக்கும், பழைய நோய் என்று தள்ளவும் மாட்டார்கள்.

இரண்டாம் படி: எதைக் கேட்கலாம்?

தனியார் பாலிசி என்றால் சாதாரண ஓபி செலவு பெரும்பாலும் வராது. ஓபி வசதி தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. மாதாந்திரக் களிம்புக்காகச் சண்டை போட்டு அலுத்துப் போக வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டால் அந்தச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கும்.

உடல் முழுக்கச் சிவந்து உரிந்தோ புண்ணில் கிருமி பற்றியோ 24 மணி நேரத்துக்கு மேல் அட்மிட் ஆனால் அது கேட்க வேண்டிய செலவு. பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவும் சேரும். அந்த பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடுமையான சொரியாசிஸுக்குப் போடும் அடாலிமுமாப், செக்குகினுமாப் போன்ற விலை கூடிய ஊசிகள் இன்னொன்று. இவை மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற வகை மருந்துகள். ஊசியாகப் போடப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே சொல்லிவிட்டது. தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் நீங்களே போட்டுக்கொண்டால் கேட்பது கடினம். மருத்துவமனையில் டே கேராக (அன்றே சேர்ந்து அன்றே திரும்பும் சிகிச்சையாக) போடுகிறார்கள் என்றால் அந்தப் பதிவை வாங்கி வையுங்கள்.

மூன்றாம் படி: மறைக்காதீர்கள்

புதிதாக பாலிசி எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோயைப் பற்றி, "அதையெல்லாம் எழுதாதீங்கண்ணே, பிரீமியம் ஏறிடும்" என்று ஏஜென்ட் சொல்லலாம். எழுதுங்கள். எழுதினால் அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்பு, அதற்கப்புறம் அந்த நோய்க்கும் கேட்கலாம். மறைத்தால், பெரிய செலவு வருகிற நாளில் பாலிசியே ரத்தாகும் ஆபத்து. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுக்க முடியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் பணம் முடையாக இருக்கும், தெரியும். ஆனாலும் ரினீவலை விட்டுவிடாதீர்கள். தொடர்ச்சி அறுந்தால் இந்த உரிமைகளும் போய்விடும்.

நான்காம் படி: டாக்டரின் கடிதம்

கிளெய்ம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான். "தோல் அலர்ஜி, ஊசி போடப்பட்டது" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றை வரி இருந்தால், அழகுச் சிகிச்சை என்றோ பரிசோதனைக்காகச் சேர்ந்தது என்றோ சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். டாக்டரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "சார், நோயோட முழுப் பேர், உடம்புல எத்தனை சதவீதம் பரவியிருக்கு, இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தும் கேக்கல, ஏன் அட்மிட் பண்ண வேண்டி வந்துச்சு, எல்லாம் எழுதிக் குடுங்க." சொரியாசிஸும் வெண்புள்ளியும் நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறால் வருபவை. அதையும் எழுதச் சொல்லுங்கள், அழகுச் சிகிச்சை என்ற வாதம் அங்கேயே பலமிழக்கும்.

வேலையையும் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் கை வைக்கிறார்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் வெடித்த பாதத்தோடு உப்புநீரில் நிற்கிறார்கள். வீட்டில் இருந்தபடி களிம்பு போட்டு ஏன் ஆறவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்?

ஐந்தாம் படி: மறுத்தால்

எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காரணத்தையும் பாலிசி விதியையும் சொல்லித்தான் அவர்கள் மறுக்க வேண்டும். கடிதம் வந்ததும் அந்த விதியை பாலிசியில் தேடிப் படித்துவிட்டு, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் பதில் எழுதுங்கள். 155255-ஐ அழைத்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசாவிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் நியாயம் இல்லை என்றால் அடுத்தது காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி. தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் கூடாது, நீங்களே பேசலாம். கம்பெனி கடைசியாக மறுத்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். காணொளி வழியாக விசாரிக்க விதியில் இடம் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போய்வர முடியாதவர்கள் அதை மனுவிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.