ஃபெஸ் நகரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி ஜாமா மசூதியையும் இஸ்தான்புல்லையும் பார்த்த பழக்கத்தில், மொராக்கோவின் ஃபெஸ்ஸுக்கு வரும் பலர் அங்கேயும் நேராகப் பள்ளிவாசலுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. 859இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஃபெஸ்ஸின் கரவிய்யீன் பள்ளிவாசலையும் வாசலில் நின்றே பார்க்க வேண்டும். தொழ வருபவர்களின் வழியை மறித்துப் படம் எடுக்காதீர்கள். காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் விதிவிலக்கு.

ஆனால் வாசலோடு திரும்பிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பள்ளிவாசல்களில் உள்ள அதே கைவேலை மதரஸாக்களில், அதாவது பழைய மார்க்கக் கல்விக்கூடங்களில், இருக்கிறது, டிக்கெட் எடுத்தால் போதும். பழைய நகரின் பாப் பூ ஜுலூத் வாசலுக்குப் பக்கத்திலேயே பூ இனானியா மதரஸா. பலர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். முற்றத்தில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். (தொழுகைக் கூடம் தொழுபவர்களுக்கு மட்டும்.) கீழே ஸெல்லீஜ் எனும் துண்டு ஓட்டு வேலை, அதற்கு மேல் செதுக்கிய சுதை, உச்சியில் தேவதாரு இன மரம் என்று கண்ணை மெல்ல ஏற்றுங்கள். ஸெல்லீஜின் ஒவ்வொரு துண்டும் சுத்தியலால் கொத்தி எடுத்தது. கிட்டத்தில் பார்த்தால் ஓரம் சற்றே நெளிந்திருக்கும். துண்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, முதுகில் சாந்து பூசுவார்கள். நிமிர்த்தும் வரை கோலம் தெரியாது, கைக்கணக்குதான்.

1350களில் இந்த மதரஸாவைக் கட்டிய சுல்தான் அபூ இனான்தான், உலகப் பயணி இப்னு பதூதாவை அவருடைய பயணங்களைச் சொல்லி எழுதவைத்தவர். மதுரை சுல்தானையும் அங்கே பரவிய கொள்ளைநோயையும் பற்றி நாம் இன்று படிப்பது அப்படி இந்த ஊரில் எழுதப்பட்டதே.

பழைய நகரின் சந்துகளில் போன் மேப்பை நம்பாதீர்கள். சுவர்களுக்கு நடுவே புள்ளி தாவும். தலா கெபீரா தெருவில் இறங்கினால் கரவிய்யீன் பக்கம், ஏறினால் பூ ஜுலூத். "பாலக்!" (விலகு) என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பொதிக் கழுதை வருகிறது. "வழி அடைச்சிருக்கு" என்று தானாக வந்து கூப்பிடுபவர் பின்னால் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், அன்றைக்குக் கடைவீதித் திட்டம் போடாதீர்கள்.

ரமலானில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பது அங்கே வழக்கம். ரயில் நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். பகலில் தெருவில் நின்று சாப்பிடாதீர்கள். நோன்பு திறக்கும் நேரமான மஃரிப் (அந்தி) பாங்குக்குச் சற்று முன் டாக்சி தேடுவது வீண். ஓட்டுநரும் ஹரீரா சூப் கிண்ணத்துக்கு வீடு போய்க்கொண்டிருப்பார். நோன்பு திறந்த பிறகு தெரு மறுபடி நிறையும், அப்போது கிளம்புங்கள்.