மரவள்ளியில் மாவு ஏறுவதும் இறங்குவதும்: கடலூர், புதுச்சேரி செம்மண்ணுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்து இருபது நாள் கழித்துப் பிடுங்கிய கிழங்கு பார்வைக்குப் பருமனாகத்தான் இருக்கும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கில் உள்ள மாவின் அளவு, பார்க்கும்போதுதான் விலை சரியும். அதே ரகத்தைப் புரட்டாசியிலேயே பிடுங்கிய பக்கத்து வயலுக்கு நல்ல பாயிண்ட் கிடைத்திருக்கும். ஆலைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் கிழங்குக்குள் நடந்ததைப் பார்க்க வேண்டும். சேர்த்து வைத்த மாவைச் செடியே எடுத்துச் செலவழித்திருக்கிறது. மாவு எப்படி ஏறுகிறது என்று புரிந்துவிட்டால், எதை எப்போது செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

மரவள்ளிக் கிழங்கு ஒரு வேர். உருளைக்கிழங்கு தண்டு என்பதால் அதற்குக் கண் உண்டு, முளைக்கும். மரவள்ளிக்குக் கண் கிடையாது, கிழங்கை நட்டால் முளைக்காது, அதனால்தான் குச்சி நடுகிறோம். நட்ட குச்சியின் அடியிலிருந்து நிறைய வேர்கள் விடும். அவற்றில் சில மட்டும் ஒரு மாதம் தாண்டியதும் மாவு சேர்க்கத் தொடங்கி, இரண்டாம், மூன்றாம் மாதத்தில் பருக்கும். ஒரு செடிக்கு எத்தனை கிழங்கு என்பது ஏறக்குறைய 90 நாளுக்குள் முடிவாகிவிடும். அதன்பிறகு நீங்கள் கூட்ட முடிவது எடையையும் மாவையும்தான், எண்ணிக்கையை அல்ல. முதல் மூன்று மாதம் களை மண்டவிட்டுவிட்டுப் பிறகு உரத்தை அள்ளிக் கொட்டினால் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

மாவு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கிழங்கைக் குறுக்கே ஒரு வில்லை அறுத்து, மருந்துக்கடையில் காயத்துக்குப் போடக் கிடைக்கும் அயோடின் கரைசலை இரண்டு சொட்டு விடுங்கள். வெள்ளைச் சதை சில நொடியில் கருநீலமாக மாறும். வெளியே உள்ள பழுப்புத் தோலும் நடுவில் ஓடும் நாரும் அவ்வளவாக நிறம் மாறாது. சதை முழுக்க ஒரே சீராகக் கறுத்தால் கிழங்கு நிறைந்திருக்கிறது. திட்டுத் திட்டாக, வெளிறிய நீலமாக நின்றால் மாவு குறைவு. சோதித்த வில்லையைச் சமையலில் சேர்க்காதீர்கள்.

இலை வெயிலில் செய்யும் சர்க்கரை, தண்டின் பட்டை உட்புறம் வழியாக வேருக்கு இறங்குகிறது. சர்க்கரையாகவே குவித்தால் அது நீரை இழுத்து செல்லை வீங்கச் செய்யும். ஆகவே வேர்ச் செல்லுக்குள் இருக்கும் சின்னப் பைகளில் அதைச் சங்கிலியாகக் கோத்து, தண்ணீரில் கரையாத மணிகளாக அடுக்குகிறது. அதுதான் மாவு. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமைலோஸ் என்ற நேர்ச் சங்கிலி, மீதி அமைலோபெக்டின் என்ற கிளைவிட்ட சங்கிலி. பச்சைக் கிழங்கு 100 கிலோ என்றால் 60 முதல் 65 கிலோ தண்ணீர், 25 முதல் 30 கிலோ மாவு.

இதில் விவசாயி மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். செடி முதலில் தளிருக்கும் இலைக்கும் கொடுக்கும், மிச்சம்தான் கிழங்குக்கு வரும். இலை குறைந்தால் வரவு இல்லை. தளிர் அளவுக்கு மீறினால் மிச்சம் இல்லை.

குச்சியும் நடவும்

8 முதல் 10 மாதம் முதிர்ந்த, தேமல் (இலையில் மஞ்சள் திட்டு விழும் நச்சுயிரி நோய்) இல்லாத செடியின் நடுத்தண்டை எடுங்கள். நுனி இளசு, காய்ந்துபோகும். அடிப்பகுதி கட்டை, சீராக முளைக்காது. குச்சியை நகத்தால் கீறினால் உடனே பால் கசிய வேண்டும். கசியாத குச்சி செத்த குச்சி. நீளம் 15 செ.மீ., 8 முதல் 10 கணு. வெட்டும் முனை வட்டமாக, சிதையாமல் இருக்க வேண்டும், இதை அலட்சியம் செய்யாதீர்கள். அரிவாளால் சாய்த்துப் பிளந்த குச்சியில் வேர் ஒரு பக்கமாகவே கிளம்பும். நேராக அறுத்த முனையில் சுற்றிலும் வேர் விட்டுக் கிழங்கு நாலு பக்கமும் பரவும். லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலந்த நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்க 5 செ.மீ. ஆழத்தில் நிமிர்த்தி நடுங்கள். தலைகீழாக நட்டால் முளைப்பு தடுமாறும்.

பாசன வயலில் 75 செ.மீ. இடைவெளிக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 7,200 குச்சி, 90 செ.மீ.க்கு 5,000. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடும், கோரிமேடு, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மேடும் மரவள்ளிக்கு ஏற்றவை. ஆனால் இந்த மண் காய்ந்தால் இறுகும். நாலைந்து உழவு ஓட்டிப் பார் அணைக்காவிட்டால் வேர் பருக்க இடம் கிடைக்காது, கிழங்கு கோணிப்போகும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களியிலும் பாகூர் ஏரிப் பாசனத் தாழ்விலும் வேண்டாம். தண்ணீர் நின்றால் இரண்டு மூன்று நாளிலேயே அழுகல் தொடங்கிவிடும்.

60-ஆம் நாள் வாக்கில் செடிக்கு எதிரெதிர் திசையில் இரண்டு தண்டு மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஐந்தாறு தண்டு நின்றால் இலை ஒன்றை ஒன்று மறைக்கும். நிழலில் கிடக்கும் இலை சம்பாதிக்காது, சாப்பிட மட்டும் செய்யும்.

உரம், தண்ணீர்

மண் பரிசோதனை செய்யாத பாசன நிலத்துக்கு ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம். அடியுரமாக யூரியா 39 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 225 கிலோ, பொட்டாஷ் 80 கிலோ. 90-ஆம் நாள் மறுபடி யூரியா 39, பொட்டாஷ் 80, அதோடு மண் அணைப்பு. பலர் இந்த இரண்டாம் பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை இரட்டிப்பாக்குகிறார்கள். பொட்டாஷ்தான் சர்க்கரையை வேருக்கு இறக்கவும் அதை மாவாகக் கோக்கவும் உதவுவது. யூரியா கூடினால் செடி ஆளுயரம் தாண்டிக் கருகருவென்று நிற்கும், கிழங்கு விரல் கனத்தில் இருக்கும். அடர்ந்த பச்சையைக் கண்டு மகிழ வேண்டாம். சுண்ணாம்பு மண்ணில் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது வெளிறி நின்றால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 10 கிராம் இரும்பு சல்பேட் கலந்து தெளியுங்கள்.

நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், மூன்று மாதம் வரை 7 முதல் 10 நாளுக்கு ஒன்று. பிறகு 20 முதல் 30 நாளுக்கு ஒன்று, எட்டாம் மாதம் வரை.

இலையைக் காப்பாற்றுங்கள். தேமல் முதலில் குச்சியோடு வருகிறது, அப்புறம் வெள்ளை ஈ பரப்புகிறது. ஆகவே முளைத்த முதல் இரண்டு மாதத்தில் தேமல் செடியை வேரோடு பிடுங்கிவிடுங்கள். மாவுப்பூச்சி நுனியைச் சுருட்டிக் கொத்தாக்கும். அந்த நுனிகளைக் கிள்ளி எரிக்க வேண்டும். 2020-இல் இந்தியாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக, 2022 முதல் அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைத் தமிழ்நாட்டில் விட்டிருக்கிறார்கள். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் குளவிதான் முதலில் சாகும். அடிக்கும் முன் விருத்தாசலம் அல்லது குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் நுனியைக் காட்டிக் கேளுங்கள்.

மாவு இறங்கும் நேரம்

நம் பகுதிக்கு முக்கியமானது இதுதான். ஆவணி வெயிலில் செடி இலையை உதிர்த்துத் தண்டை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அப்போது கிழங்கில் மாவு கெட்டியாக இருக்கும். நல்ல மழை விழுந்ததும் எல்லாக் கணுவும் ஒரே நேரத்தில் துளிர்க்கும். அந்தத் தளிருக்குச் சர்க்கரை இலையிலிருந்து வராது, இலைதான் இல்லையே. கிழங்கு மாவை உடைத்து மேலே அனுப்பும், வேர் நீரையும் குடிக்கும். எடை நிற்கும், பாயிண்ட் போகும். புது இலை விரிந்து முதிர்ந்து கடனை அடைத்து மறுபடி மாவு ஏற ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்.

எனவே தை, மாசியில் நடுங்கள், புரட்டாசிக் கடைசிக்குள் பிடுங்குங்கள். தவறிவிட்டால், துளிர்த்த வயலில் அவசரப்படாமல் வடிகால் வெட்டிவிட்டு அந்த ஒன்றரை, இரண்டு மாதம் பொறுங்கள். ஆனால் அந்த இடைவெளியில் புயல் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல், இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. காற்றில் ஆடிய செடியின் கழுத்தில் கிழங்கு விண்டு, அங்கே நீர் புகுந்து அழுகும். தாழ்வான வயல் என்றால் பொறுக்கச் சொல்ல மாட்டோம். வயது 10, 11 மாதம் தாண்டவும் விடாதீர்கள், நடுநார் கட்டையாகும்.

பிடுங்கும் முன் நாலைந்து செடியில் அளந்து பாருங்கள். மண் கழுவிய கிழங்கு 5 கிலோவை வலைப்பையில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, அப்படியே தண்ணீர் டிரம்மில் முழுதும் முங்கவைத்து மறுபடி நிறுங்கள். நீருக்குள் 500 கிராம் காட்டினால், 5-ஐ 4.5-ஆல் வகுக்க 1.111. அதை 158.3-ஆல் பெருக்கி 142 கழித்தால் 33.9. இது தண்ணீர் நீங்கிய உலர்பொருளின் சதவீதம், இதில் பெரும்பங்கு மாவு. நீருக்குள் 400 கிராம்தான் என்றால் விடை 30-க்கு வந்துவிடும். 100 கிராமில் இத்தனை வித்தியாசம் என்பதால் 5, 10 கிராம் காட்டும் தராசு வேண்டும். பை எடையை நீருக்கு வெளியேயும் உள்ளேயும் தனித்தனியே கழிக்க வேண்டும், காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் பையை உதற வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்தால் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

பிடுங்கிய நிமிடத்திலிருந்து நேரம் ஓடுகிறது. காயம்பட்ட இடத்தில் தொடங்கி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சதையில் நீலக்கருப்புக் கோடுகள் ஓடும். கடப்பாரையால் குத்தாமல், ஈரம் இருக்கும்போது தண்டைப் பிடித்து நெம்பி எடுங்கள், காம்பு ஒட்டியிருக்க வெட்டுங்கள், அன்றோ மறுநாளோ ஆலைக்கு ஏற்றுங்கள். லாரி உறுதியாகாமல் பிடுங்க ஆரம்பிக்காதீர்கள்.