அழுதுவிட்டது என்று நிம்மதி அடையும் முன்

பிரசவ அறை வாசலில் நிற்பவர்களின் காது அழுகைச் சத்தத்துக்காகவே காத்திருக்கும். கேட்டதும் மிட்டாய் வாங்க ஆள் கிளம்பிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சரிதான். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்துபோய், மூச்சு கொடுத்து மீட்கப்பட்ட குழந்தையின் விஷயத்தில் மட்டும் "அழுதுவிட்டது, இனிப் பயமில்லை" என்பது தப்புக்கணக்கு.

மூளைக்கு அடி இரண்டு தவணையாக விழுகிறது. தொப்புள்கொடி நெரிந்தோ, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தோ ஆக்சிஜன் தடைபட்டால், குழந்தையின் உடல் குடலுக்கும் தோலுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். தடை நீண்டால் அந்த ஏற்பாடும் கைவிட்டுவிடும். நரம்பணுக்களில் ஆற்றல் தீரும்; நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுமீறிச் சேரும்; கால்சியம் உள்ளே புகும். மூச்சும் ரத்த ஓட்டமும் திரும்பியதும் அணுக்கள் ஓரளவு தேறிக்கொள்ளும். சில மணி நேரம் எல்லாம் அடங்கியது போலிருக்கும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குப் பிறகு அணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கத் தொடங்கி, இரண்டாம் சரிவு வருகிறது. இடையில் கிடைக்கும் அந்தப் பொழுதுதான் சிகிச்சைக்கான வாசல். "காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று அதை உறங்கிக் கழிப்பதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை.

வலிப்பையும் பலர் தவறவிடுகிறார்கள். பச்சிளம் குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. வாயைச் சப்பிக்கொண்டே இருப்பது, சைக்கிள் மிதிப்பது போலக் கால் அசைவது, கண் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, மூச்சு விட்டுவிட்டு வருவது எல்லாமே வலிப்பாக இருக்கலாம். நலமான குழந்தை தூக்கத்தில் முகம் சுளித்தால் "நரி விரட்டுகிறது" என்று சிரிக்கலாம். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையிடம் அந்த நரியை நம்பாதீர்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள்.

தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் குளிர்ந்த நீர் தெளிப்பதும் வேண்டாத வேலை. அழாத குழந்தைக்குத் தேவை, துடைத்துத் தூண்டியும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றுக் கொடுப்பது. நிறைமாதக் குழந்தைக்கு அது 21% ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றில்தான் தொடங்குகிறது. தூய ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், காயம்பட்ட மூளையில் தீங்கு செய்யும் மூலக்கூறுகள் பெருகும்.

உடல் சூடு கூடுவதும் இந்த மூளைக்கு ஆகாது. அதற்காக வீட்டிலோ சிறிய மருத்துவமனையிலோ தாமாகக் குளிரவைப்பது அதைவிட ஆபத்து. குளிரூட்டும் சிகிச்சை என்பது 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் கண்காணிப்போடு நிறுத்துவது. பணக்கார நாடுகளில் பலனளித்த இந்த முறை, இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹெலிக்ஸ் என்ற ஆய்வில் பொய்த்தது. 2021இல் வெளியான அதன் முடிவின்படி, குளிரூட்டப்பட்டவர்களில் 42% பேரும் மற்றவர்களில் 31% பேரும் இறந்தனர். "ஏன் ஐஸ் வைக்கவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பிறந்ததும் போடும் முதல் நிமிட அப்கார் மதிப்பெண்ணைப் பார்த்தே பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. அது அந்த நேரத்து நிலையைச் சொல்லும் எண், அவ்வளவே. அடுத்த நாட்களின் நரம்புப் பரிசோதனையும் முதல் வார எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதைவிட அதிகம் சொல்லும். இதற்கிடையில் "அவளுக்கு முக்கத் தெரியவில்லை" என்று தாயின் தலையில் பழியைக் கட்டும் உறவினர்களை, அறைக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்.